குடையோடு குதித்தவனின் அக்கா

பட்டிமன்றத்தில் பேச நல்ல குரல் வேண்டும், கொஞ்சம் இலக்கியம் வேண்டும். அதைவிட முக்கியமாக, மேடையில் வைத்துக் கிண்டல் செய்ய வீட்டில் ஓர் ஆள் வேண்டும். ஆண் பேச்சாளர்கள் மனைவியை எடுத்துக்கொள்வார்கள். பெண் பேச்சாளர்கள் கணவரை எடுத்துக்கொள்வார்கள். இலக்கியத்தைக் கேட்டுக்கொண்டே கொட்டாவி விடுகிற கூட்டம், "எங்க வீட்டுக்காரர் ஒரு நாள்..." என்று ஆரம்பித்தவுடன் நிமிர்ந்து உட்காரும். எங்கும் எழுதி வைக்காத விதி இது. இதை மீறியவர்களை யாரும் இரண்டாவது மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

எனக்கு அங்கேதான் சிக்கல். என் கணவர் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் தட்டச்சர். நான் முதல்முறை மேடை ஏறப்போகிறேன் என்று தெரிந்த அன்றே, தன் பெயர், தன் வேலை, தன் தொந்தி ஆகிய மூன்றும் மேடைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். வந்தால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. கோர்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் அதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். மாமியாரைத் தொட எனக்குத் தைரியமில்லை. நான் தமிழாசிரியையாக இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியையைத் தொட்டால் வேறு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். மிஞ்சியது என் தம்பி.

தம்பிக்கு அப்போது முப்பத்தொரு வயது. பொத்தேரியில், கல்லூரி விடுதிகள் இருக்கும் தெருவில், டிபன் கடை வைத்திருக்கிறான். காலையில் இட்லி, பொங்கல், மாலையில் பரோட்டா. நடுவில் மூன்று மணி முதல் நாலரை வரை கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் இருக்காது. அந்த நேரத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரு காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு, போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். விமானத்திலிருந்து ஒரு கூட்டம் பாராசூட்டில் குதிக்கும், ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளும், கடைசியில் யார் மிஞ்சுகிறாரோ அவர் ஜெயித்தார். அவனுடைய அணியில் கடைக்கு வருகிற விடுதிப் பையன்கள் மூன்று பேர். அவர்கள் வகுப்பில் இருக்க வேண்டிய நேரம் அது என்பது வேறு விஷயம்.

எங்கள் நடுவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். ஒரு பருவத்துக்கு ஒரே தலைப்பு என்பது அவர் கொள்கை. ஆடி மாதம் தொடங்கிவிட்டால் ஒரு வேனில் எங்கள் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக் குப்பம் குப்பமாக, கோவில் கோவிலாகப் போவார். அந்த வருஷத் தலைப்பு: கைபேசி விளையாட்டுகள் இளைய சமுதாயத்தைச் சீர்படுத்துகின்றனவா, சீரழிக்கின்றனவா? அணி பிரிப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. பாடத் தெரிந்தவர்களை "சீர்படுத்துகின்றன" பக்கம் போடுவார். அழத் தெரிந்தவர்களை "சீரழிக்கின்றன" பக்கம் போடுவார். நம்முடைய கருத்து என்ன என்று யாரையும் கேட்டதில்லை. எனக்கு நன்றாக அழ வரும்.

எதிரணியில் பேசியவர்கள் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யக் கற்றுத் தருகிறது, கூட்டு முயற்சியை வளர்க்கிறது, தோல்வியைத் தாங்கப் பழக்குகிறது என்றார்கள். எங்கள் அணியில் எனக்கு முன்னால் பேசியவர், ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போகிறது, விளையாட்டில் சுட்டவன் நாளை வெளியிலும் சுடுவான் என்றார். இரண்டு பக்கமும் "வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சி சொல்கிறது" என்று சொன்னார்கள். எந்த நாடு, யார் ஆராய்ந்தார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எனக்கு அந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லை. அதாவது, அதற்குக் கைத்தட்டல் வராது என்பது எனக்குத் தெரியும். ஆகவே மைக்கைப் பிடித்து, "என் கூடப்பிறந்த தம்பி ஒருத்தர் இருக்கார்" என்று ஆரம்பித்தேன்.

முதல் மேடை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். தம்பி விளையாடிக்கொண்டே "படு, படு, சுடறான்" என்று கத்த, வடைக்குக் காத்திருந்த பெரியவர் தரையில் படுத்துவிட்டார் என்று சொன்னேன். கூட்டம் சிரித்தது. இரண்டாவது மேடையில் பெரியவரோடு மூன்று பேர் படுத்தார்கள். மூன்றாவதில் தம்பி சாம்பார் கரண்டியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தான். ஒவ்வோர் ஊரிலும் கை தட்டத் தட்டக் கதைக்குச் சதை போட்டது. திருக்கழுக்குன்றத்தில்தான் குடை வந்தது.

தம்பிக்கு இடது காலில் லேசான தாங்கல் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் கடை வாசலில் கழுவிவிட்ட தண்ணீரில், கையில் பால் கேனோடு வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். இது உலகறிந்த உண்மை. ஆனால் திருக்கழுக்குன்றத்தில், அன்றைக்கு எனக்கு முன்னால் பேசிய எதிரணிக்காரர் பாட்டெல்லாம் பாடி ஏகப்பட்ட கைத்தட்டல் வாங்கிவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஏதாவது பெரிதாக வேண்டியிருந்தது. "விளையாட்டில் பாராசூட்டில் குதித்துக் குதித்து, ஒரு நாள் என் தம்பி மொட்டைமாடியிலிருந்து குடையை விரித்துக்கொண்டு குதித்துவிட்டார். இன்றைக்கும் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார் ஐயா" என்று சொல்லி, கடைசி வார்த்தையில் குரலை உடைத்தேன். முதல் பாதிக்குச் சிரிப்பு, இரண்டாம் பாதிக்கு உச்சுக்கொட்டல். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வாங்குவது சாதாரண விஷயமில்லை. நடுவர் தன் தோள் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

கால் உண்மை, குடைதான் என்னுடையது.

அன்றைக்கு வேனைத் தவறவிட்ட என்னைப் பைக்கில் கொண்டுவந்து விட்டவன் தம்பிதான். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒரு மேடையிலும் குடையை மறந்ததில்லை.

யாரோ அதைப் போனில் படம் பிடித்து, "செங்கல்பட்டில் விபரீதம்" என்று தலைப்புக் கொடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அந்த வருஷ ஐப்பசியில் எங்கள் பள்ளியிலேயே பெற்றோருக்கான விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், போன் விளையாட்டின் கேடுகளைப் பற்றிப் பேசும்போது, "நம்ம மாவட்டத்திலேயே ஓர் இளைஞர் குடையோடு மூன்றாவது மாடியிலிருந்து குதித்தார்" என்றார். நான் ஒரு மாடிதான் வைத்திருந்தேன். அதோடு விடவில்லை. அந்த இளைஞரின் மனைவி கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். எனக்கே தெரியாமல் என் தம்பிக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, குடும்பமும் பிரிந்துபோயிருந்தது. பெற்றோர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் முதல் வரிசையில் மிகவும் வருத்தமான முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து மறுத்திருக்கலாம். தலைமையாசிரியை பக்கத்தில் இருந்தார், மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. வாய்ப்பு இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தம்பிக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தோம். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பு அக்காவுடையது. மூன்று இடம் வந்தது. மூன்றும் முதல் பேச்சில் நன்றாகப் போய், பிறகு ஒரு போன்கூட இல்லாமல் நின்றுவிட்டது. ஜாதகத்தில் செவ்வாய் என்றார் தரகர். பரிகாரத்துக்கு இரண்டு கோவில் போய்வந்தோம். வீட்டில் செவ்வாயைத் திட்டாத நாளில்லை.

நாலாவதாக நெம்மேலியில் ஒரு பெண். திருப்போரூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தம்பியின் பைக்கில் வந்தேன். மாமல்லபுரம் தாண்டினோம், திருக்கழுக்குன்றம் தாண்டினோம். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "மழ நாள்ல கால் வலிக்குதான்னு கேட்டாக்கா" என்றான். வேறு யாரும் இதுவரை கேட்டதில்லை என்றான். நானும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது. அவனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பதும் புரிந்தது. அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். பெண் வீட்டில் கொஞ்சம் யோசிக்கிறார்களாம். என்ன யோசனை என்று கேட்டேன். தரகர் தயங்கிவிட்டு, மாப்பிள்ளைதான் அந்தக் குடையோடு குதித்த ஆள் என்று யாரோ அவர்களுக்கு வீடியோ அனுப்பியிருப்பதாகச் சொன்னார். முந்தைய மூன்று இடத்துக்கும் அதே வீடியோ போயிருக்கிறது. மனசு கஷ்டப்படும் என்று என்னிடம் செவ்வாய் என்று சொல்லிவைத்தாராம். ஒரு பாவமும் செய்யாத செவ்வாயை நாங்கள் மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தோம்.

தம்பியிடம் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், சமாதானமாகியிருப்போம். அவன் பரோட்டா மாவை உருட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இத்த மட்டும் கெட்டுப்போவ வுடாதக்கா" என்றான். அவ்வளவுதான். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். மேடையில் வருகிற அழுகையில்லை அது, மூக்கு ஒழுகுகிற அழுகை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏலம் முடிகிற நேரம் பார்த்து நெம்மேலிக்குப் போனேன். கையில் தம்பியின் எக்ஸ்ரே, ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்கள், எலும்பு டாக்டரின் சீட்டு. பட்டிமன்றத்தில் ஒரு நாளும் நான் இவ்வளவு ஆதாரம் கொண்டுபோனதில்லை. பெண்ணின் அப்பா அப்போதுதான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஏலம் விட்டு விட்டுக் கரகரத்த குரல். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பால் கேன், ஈரத் தரை, திருக்கழுக்குன்றம், குடை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"டீச்சரம்மா, இத்த உள்ள வெய்ங்க. கேம் ஆடறாருன்னு நான் யோசிக்கல. காத்தடிச்சி கடலுக்குப் போவாத நாள்ல எங்க குப்பமே ஆடிக்கினு கீது. நானே ஆடறேன்" என்றார்.

அப்படியானால் என்ன யோசனை என்று கேட்டேன்.

"உங்கள நெனைச்சாதான் யோசனையா கீது. கூடப்பொறந்தவன் கால வெச்சே கைத்தட்டு வாங்கறீங்க. நாளைக்கு எம் பொண்ணு உங்க வூட்டுக்கு வந்து, கொழம்புல ஒரு கல்லு உப்பு கொறஞ்சி போச்சின்னா, அத்த மைக்கு வெச்சி மரக்காணம் வரைக்கும் சொல்லுவீங்களே. அதுக்கு இன்னா பதில் சொல்றீங்க?"

எந்தப் பக்கம் போட்டாலும் பேசுவேன் என்று பெயர் வாங்கியவள் நான். எதிரே இருப்பவர் பேசி முடித்ததும் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு ஒரு மறுப்பு, பிறகு ஒரு கதை என்று வாய் தானாக ஓடும். அன்றைக்கு ஓடவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது நடக்கக்கூடியது. அந்தப் பெண் வீட்டுக்கு வந்திருந்தால், அடுத்த ஆடிக்குள் அவளும் ஒரு கதையாகியிருப்பாள். என் மனசில் ஓர் ஓரத்தில், தம்பி மனைவியைப் பற்றிய தலைப்பு ஒன்று ஏற்கெனவே தயாராகத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது.

அதுவரை கதவருகில் நின்றிருந்த பெண் இரண்டடி முன்னால் வந்தாள். "மைக்குல சொன்னத மைக்குலயே இல்லன்னு சொல்லிடுங்க. அப்புறம் பேசலாம்" என்றாள். அவள் குரல் மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு எத்தனை வேளை என்று சொல்கிற குரல். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டு வாரத்தில் எங்கள் வேன் எப்படியும் நெம்மேலிக்கு வரவேண்டியிருந்தது. அம்மன் கோவில் ஆடித் திருவிழா. போன வருஷம் கேட்டவர்கள் மறந்திருப்பார்கள் என்று நடுவர் இந்த வருஷமும் அதே தலைப்பை வைத்திருந்தார். நான் செய்யப்போவதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேனிலேயே ஏற்றியிருக்க மாட்டார். இத்தோடு எனக்கு மேடை கிடையாது என்று தெரிந்தேதான் போனேன். பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தம்பிக்காக எவ்வளவு பெரிய தியாகம் செய்கிறேன் என்று போகிற வழியெல்லாம் என்னை நானே பாராட்டிக்கொண்டு போனேன்.

மாலை ஆறரை மணிக்கு என் முறை வந்தது. பெண் வீட்டார் நாலாவது வரிசை. தம்பி ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நான் மைக்கைப் பிடித்து, "ஒரு வருஷமாக நான் சொன்ன கதை பொய். என் தம்பி குதிக்கவில்லை. குடையும் இல்லை" என்றேன்.

கூட்டம் சிரித்தது.

சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன் என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வீடியோ பார்த்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் எழுந்து, அப்படியென்றால் குடை எங்கே போனது என்று கேட்டார். பால் கேன் என்றேன், கைத்தட்டல். அம்மன்மேல் சத்தியம் என்றேன், விசில். நான் எத்தனை பொய் சொல்லியும் ஒருவர்கூடச் சந்தேகப்பட்டதில்லை. முதல்முதலாக உண்மையைச் சொன்னால் ஒருவர்கூட நம்பவில்லை. குரல் உண்மையிலேயே உடைந்தது. அதற்கும் கைத்தட்டினார்கள். நடுவர் மணியை அடித்துவிட்டு, தம்பியின் மானத்தைக் காப்பாற்ற அக்கா மேடையில் பொய் சொல்கிறார் பாருங்கள், இதுதான் பாசம், இந்தப் பாசத்தைத்தான் கைபேசி விளையாட்டு சீரழிக்கிறது என்று எனக்கே மதிப்பெண் போட்டார். நான் மைக்கை விடாமல் நின்றேன். நாலாவது வரிசையைப் பார்க்கவே முடியவில்லை. இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன்.

தம்பி மேடையேறி வந்தான். மூன்று படி. தாங்கித் தாங்கித்தான் ஏறினான். குடைக்காரர் இவர்தான் என்று ஒரு சத்தம் கிளம்பி, சிரிப்பு பரவியது. அவன் என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். வாழ்க்கையில் அவன் பிடித்த முதல் மைக். வாயருகே வைக்கத் தெரியாமல் நெஞ்சருகே வைத்துக்கொண்டு, கல்லாவில் நின்று பேசுகிற மாதிரிப் பேசினான்.

"பால் கேன தூக்கிக்கினு வந்தப்ப வழுக்கி வுழுந்துட்டேன். மூணு மாசம் படுத்துக்கினே இருந்தேன். கடைக்கு சாப்புட வர்ற பசங்க தெனம் வந்து பாத்தானுங்க. அவனுங்கதான் போன்ல இந்த கேமப் போட்டுக் குடுத்தானுங்க. கால் ஒடஞ்ச பின்னாலதான் ஆட ஆரம்பிச்சேன்."

இது எனக்கும் தெரிந்ததுதான். அந்த மூன்று மாதமும் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நான். மேடைக்கு உதவாது என்பதால் மறந்துவிட்டிருந்தேன்.

கூட்டத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"திருக்கழுக்குன்றத்துல இந்தக் கதைய சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கலன்னா அந்தாளு நான்தான்னு பக்கத்துல கீறவங்களுக்குத் தெரிஞ்சிடும்ல."

மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். யாரும் கை தட்டவில்லை. நடுவர் மணியை அடிக்க மறந்துவிட்டார். நான் அந்த மைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் ஸ்டாண்டில் செருகிவிட்டு இறங்கினேன். ஒரு வருஷம், அவன் வராத ஊர்களிலும், அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்துச் சிரிக்கவைத்த மாதிரிதான். எந்த விளையாட்டும் அவனை அப்படிச் செய்யவில்லை.

கீழே பெண்ணின் அப்பா எழுந்து நின்றிருந்தார். தம்பியின் தோளில் கையை வைத்துக்கொண்டு, நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்றார். நான் ஓடிப்போய்க் கையைக் கூப்பினேன். எங்கள் வழக்கம் என்ன, யார் யார் வருவார்கள் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சரம்மா, கோச்சிக்காதீங்க. இனிமே உங்க வூட்டு சார்பா தம்பியே பேசட்டும்" என்றார்.

அதற்கு ஒரு பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தம்பி திரும்பிப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.